தேத்தண்ணி குடிக்கப் போன நேரத்தில்

போன கிழமை இந்த இடத்தில் என்னுடைய வாரப் பத்தி வரவில்லை. ‘எழுத்தாளருக்குச் சுகயீனம்’ என்று ஆசிரியர் ஒரு சின்னப் பெட்டி போட்டிருந்தார். அதைப் பார்த்துவிட்டு மூன்று வாசகர்கள் கடிதம் எழுதிவிட்டார்கள். ஒருவர் கொத்தமல்லி அவித்துக் குடிக்கச் சொல்லியிருக்கிறார். நன்றி, ஐயா! ஆனால் எனக்கு ஒரு சுகயீனமும் இல்லை. சுகயீனம் என் பிக்கப்புக்கு. நான் அதன் பொனற்றுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றேன்.

அந்தப் பிக்கப்பைப் பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். இவருடைய தமையன் லண்டனுக்குப் போகும்போது எங்களிடம் விட்டுப் போன பழைய இங்கிலாந்து வண்டி. இவர் — என் வீட்டுக்காரர் — துறைமுகத்தில் கணக்கெழுதுகிற கிளாக்கர். பென்னம்பெரிய கப்பல்களைக் கண்டு பயப்படாத மனிதருக்கு ஸ்ரியறிங்கைப் பிடித்தால் மட்டும் கை நடுங்கும். ஆகவே ஓட்டுவது நான். வீட்டுக்குப் பின்னால் வளர்க்கிற கோழிகளின் முட்டையை ஒன்றும் உடையாமல் திருகோணமலைக் கடைகளில் கொண்டுபோய்ச் சேர்க்கிற அளவுக்கு ஓட்டுவேன்.

இரண்டு வருடத்துக்கு முன் அதன் காபரேற்றர் தேய்ந்து போய்விட்டது. பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுகிற சாமான் அது. புதிது வாங்கலாமே என்று கேட்காதீர்கள். பிள்ளைக்குப் பால்மா வாங்கவே வரிசையில் நிற்கிற காலத்தில் ஆர் காபரேற்றர் இறக்குமதி செய்கிறான்?

கிண்ணியாவில் கராஜ் வைத்திருக்கிற சலீம் நானாதான் வழி பார்த்தார். உடைத்துப்போட்ட ஒரு காரின் காபரேற்றரைக் கழற்றி, நடுவில் ஒரு அலுமினியத் தகட்டை அராவி வைத்து, என் வண்டியில் பொருத்தித் தந்தார். காற்றில் வருகிற தூசியைப் பிடிக்க? வெறும் பால்மாத் தகர ரின் ஒன்றை எடுத்தார். சுற்றிவர ஆணியால் ஓட்டை குத்தினார். உள்ளே எண்ணெயில் தோய்த்த தேங்காய்த் தும்பை அடைத்தார். காபரேற்றரின் வாயில் பூட்டிவிட்டார். வண்டி இங்கிலாந்து, மூச்சு கிண்ணியா!

ஒரு குறை. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருதரம் அதற்கு ரியூனிங், அதாவது கலவையைச் சரிபார்க்கிற வேலை, வேண்டும். இல்லாவிட்டால் கறுப்பாகப் புகைக்கும், நிறுத்தினால் திரும்ப எடுபடாது, ஸ்ராற் ஆகாது.

கதை தொடங்குவது மூன்று கிழமைக்கு முன்.

என் தங்கை வசந்தி போன வருடம் ஈச்சிலம்பற்றில் கலியாணம் கட்டிப் போனவள். இப்போது எட்டு மாதம். தலைப்பிள்ளை தாய்வீட்டில்தானே பிறக்க வேண்டும்? அம்மா இருப்பது எங்களோடு. ‘போய்த் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வா’ என்று அம்மா சொல்ல, நானும் இவரும் வெளிக்கிட்டோம்.

திருகோணமலையிலிருந்து ஈச்சிலம்பற்றுக்குப் போகிற வழி உங்களுக்குத் தெரியும் — துறைக்கு மேல் துறை, கங்கைத் துறை உட்பட. ஒவ்வொரு துறையிலும் ‘பாதை’யில் ஏற வேண்டும். எங்கள் பக்கத்தில் பாதை என்றால் வாகனங்களை ஏற்றி ஆற்றைக் கடக்கிற மிதவை. அதில் ஏறியதும் எஞ்சினை நிப்பாட்டிவிட வேண்டும். அக்கரையில் தட்டியதும் உடனே எடுபட வேண்டும், பின்னால் லொறி நிற்கிறது அல்லவா? எடுபடாவிட்டால் பாதைக்காரர்கள் தள்ளி இறக்கிவிடுவார்கள். அத்தோடு முடியாது. திரும்பி வருகிறபோது முகத்தை ஞாபகம் வைத்து, ‘தள்ளுவண்டி வருது! கடைசிக்கு விடு!’ என்று வரிசையின் வாலில் நிறுத்துவார்கள்.

அன்றைக்கு என்னை எல்லாத் துறையிலும் தள்ளினார்கள். வெட்கத்தில் நான் நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

வசந்தியின் மாமி வாசலுக்கு வந்து பார்க்க, வண்டி ஒரு பெரிய இருமல் இருமிக் கரும்புகையைக் கக்கிவிட்டு நின்றது. புகை நேரே போய்க் கொடியில் காய்ந்த மாமியின் வெள்ளைச் சேலையில் படிந்தது. மாமி சேலையைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“இதிலயோ என்ர மருமகளை ஏத்தப் போறாய்?”

“ஓம் மாமி. ஒரு சின்னப் பிழைதான்.”

“வழியில நிண்டா ஆர் திருத்திறது?”

“கிண்ணியாவில நல்ல மெக்கானிக் ஒருத்தர் இருக்கிறார் மாமி.”

“மெக்கானிக் கிண்ணியாவில. வண்டி கங்கைத் துறையில நிக்கும். வலி வந்தால் பிள்ளை என்ன செய்யிறது, மெக்கானிக் வருமட்டும் பொறுத்துக்கொண்டு இருக்கிறதோ?”

நியாயமான கேள்வி. எனக்குக் கோபம் வந்ததே அது நியாயமாக இருந்ததால்தான்.

மாமி முடிவாகச் சொல்லிவிட்டார். “திருத்தத் தெரிஞ்ச ஆளோட வா, அனுப்புறன். மாதம் முடியிறதுக்கு முன்னம் வா. ஒன்பது பிறந்திட்டால் நான் அசைய விடமாட்டன். இஞ்சயே பெறட்டும்.”

பஸ்ஸில் கூட்டிப் போகலாமே? அந்த ரோட்டில், அந்தச் சனத்துக்குள், எட்டு மாதத்துப் பிள்ளைத்தாச்சியையா? வாடகைக் கார்க்காரர்கள் துறைகளின் பேரைக் கேட்டாலே தலையை ஆட்டிவிடுகிறார்கள்.

நாங்கள் திரும்பும்போது வசந்தி குசினிப் பக்கமாக வந்து, அடுப்படியில் வைத்து என் கையைப் பிடித்தாள். “அக்கா, என்னைக் கூட்டிக்கொண்டு போ. மாமி நல்ல மனுசிதான். ஆனால் இஞ்சயிருந்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்... இரவில நினைச்சால் பயமா இருக்கு. அம்மாவோட இருக்க வேணும் போல கிடக்கு.” அழமாட்டாள் என்று நினைத்தேன். அழுதாள்.

திருத்தத் தெரிந்த ஆளோடு வா! அந்த ஆளாக நானே மாறிவிட்டால் என்ன?

அடுத்த நாளே கிண்ணியாவுக்குப் போனேன். “நானா, எனக்கு இதை ரியூன் பண்ணப் பழக்கி விடுங்கோ.”

சலீம் நானா சிரித்தார். “தங்கச்சி, உங்களுக்கு என்னத்துக்கு இந்த ஊத்தை வேலை? நான் இரிக்கிறன்தானே? ஜெமீலா... தங்கச்சி வந்திருக்கா, தேத்தண்ணி ஊத்து!”

இது இன்றைக்கு நேற்றுத் தொடங்கிய பழக்கம் இல்லை. இரண்டு வருடமாக இதுதான் நடக்கிறது. கராஜில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தால் நானாவுக்கு மரியாதைக் குறைவாகப் படும். பொனற்றைத் திறப்பார். ரின்னைக் கழற்றுவார். திருப்புளியை உள்ளே விடுவார். நான் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பேன். வேலை முடியப்போகிற நேரத்தில் சொல்லி வைத்த மாதிரி அவருடைய மனைவி ஜெமீலா ராத்தா வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போவார். உட்கார நல்ல கதிரை, இஞ்சி போட்ட தேத்தண்ணி, அன்பான கதை. வெளியே வந்தால் வண்டி பூனை மாதிரி உறுமிக்கொண்டு நிற்கும்.

யோசித்துப் பார்த்தேன். காணி உறுதி எழுதும்போது, கலியாணம் பேசும்போது, எஞ்சின் திருத்தும்போது — முக்கியமான இடம் வருகிற நேரத்தில் எங்களை ஆராவது அன்பாக உள்ளே அனுப்பிவிடுகிறார்கள். கோபமாக விரட்டினால் சண்டை பிடிக்கலாம். அன்பாக அனுப்பினால்? ‘சீனி போதும்’ என்றுதான் சொல்ல முடிகிறது.

சரி, நானே பழகுவது என்று முடிவெடுத்தேன். நூலகத்தில் ஒரு பழைய ஆங்கில மோட்டார் புத்தகம் கிடைத்தது. முக்கியமான பக்கங்களில் கறையான். மிச்சத்தை வாசித்தேன்.

விசயம் பெரிதில்லை. காபரேற்றருக்குக் கீழே ஒரு நட். அதற்கு ஆறு பக்கம், ஒவ்வொரு பக்கமாகக் கணக்கு வைத்துத் திருக வேண்டும். மேலே திருகினால் பெற்றோல் குறையும், கீழே திருகினால் கூடும். சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? ரின்னைக் கழற்றி, திருப்புளி நுனியை வாய்க்குள் விட்டு, அங்கே மேலும் கீழும் அசைகிற பிஸ்ரனை ஒரு நூல் அளவு தூக்க வேண்டும். எஞ்சின் சத்தம் எகிறி இறங்காமலே இருந்தால் பெற்றோல் கூடிவிட்டது. செத்துப்போனால் குறைவு. ஒருதரம் எகிறிப் பழையபடி அடங்கினால் சரி. நானா திருப்புளியோடு என்ன செய்தார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

முற்றத்து மாமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டுத் தொடங்கினேன். பிளக்குக்குத் தீப்பொறி அனுப்புகிற பொயின்ற்ஸின் இடைவெளி பார்க்கக் கருவி இல்லை, ஆருடையதோ கலியாண அழைப்பிதழில் ஒரு துண்டு வெட்டி அளந்தேன். நட்டைத் திருகினேன். பிஸ்ரனைத் தூக்கினேன். எகிறியது... அடங்கியது. ஆகா! எஞ்சினை நிப்பாட்டி, ரின்னைப் பூட்டி, பொனற்றைச் சாத்திவிட்டு, பெருமையோடு உவர்மலைப் பக்கம் ஒரு சுற்றுப் போனேன்.

பாதி வழியில் கரும்புகை!

பிளக்கைக் கழற்றினேன். நல்ல பிளக்கின் நுனி வறுத்த மல்லி நிறத்தில் இருக்க வேண்டும். என்னுடையது சோற்றுப் பானையின் அடி மாதிரி இருந்தது. துடைத்தேன், திரும்ப ரியூன் பண்ணினேன், திரும்ப ஓடினேன். திரும்பவும் கறுப்பு. ஒரு கிழமை முழுக்க இதே கூத்து. முட்டைகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு இவர்தான் கடைக்குக் கொண்டுபோனார்.

“உமக்கு ஏன் இந்த வேலை? நானாவிட்ட ஒருக்காக் காட்டுவமே” என்றார் இவர்.

“நானா வந்து கங்கைத் துறையில நிப்பாரோ?” என்று மாமியின் கேள்வியை இவர்மேலே எறிந்தேன். பாவம், முட்டைச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மாதம் முடிய எட்டு நாள். அன்றைக்குக் கச்சான் காற்று. முற்றத்து மணலையெல்லாம் அள்ளி எறிகிறது. நான் ரின்னைக் கழற்றி வைத்து ரியூன் பண்ணிக்கொண்டிருக்கிறேன், எஞ்சின் அழகாக ஓடுகிறது. காபரேற்றரின் திறந்த வாய்க்குள் மணல் போய்விடப் போகிறதே என்ற பயத்தில், எஞ்சினை நிப்பாட்டாமலே ரின்னைத் தூக்கி வாயில் பொத்தினேன்.

குரல் மாறியது.

எடுத்தேன் — நல்ல குரல். பொத்தினேன் — தொண்டையில் துணி அடைத்த மாதிரி ஒரு கரகரப்பு. எடுத்தேன், பொத்தினேன், எடுத்தேன், பொத்தினேன். அம்மா குசினி யன்னலால் எட்டிப் பார்த்து, “பிள்ளை, உனக்கு என்னடி?” என்று கேட்டார். எனக்கு என்னவோ ஆகிவிட்டதாம்!

விளங்கிவிட்டதா, வாசகர்களே? எண்ணெய்த் தும்பு அடைத்த ரின்னைப் பூட்டினால் காற்றுக் குறைகிறது. ரின் இல்லாமல் சரி பார்த்த கலவை, ரின் பூட்டியதும் பெற்றோல் கூடிய கலவையாகிவிடுகிறது. புத்தகம் எழுதிய வெள்ளைக்காரனுக்குப் பால்மா ரின்னைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் சலீம் நானாவுக்குத் தெரியும். ரின்னைப் பூட்டிய பிறகு அவர் நட்டை இன்னும் கொஞ்சம் மேலே திருகியிருக்க வேண்டும். அந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன்? உள்ளே, கதிரையில், இஞ்சித் தேத்தண்ணியோடு!

ரின் பூட்டியபடியே நட்டை ஒரு பக்கம் மேலே திருகினேன். குரல் தெளிந்தது. இன்னொரு பக்கம். பூனை! கப்பல்துறை வரைக்கும் ஓடிவிட்டு வந்து பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். வறுத்த மல்லி. அந்தப் பிளக்கை அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அம்மா ஒன்றும் விளங்காமல், “வடிவா இருக்கு” என்றார். அது போதும்.

போன கிழமை, பத்தி எழுத வேண்டிய நாளில், ஈச்சிலம்பற்றுக்கு வெளிக்கிட்டோம். ஒரு துறையிலும் ஒருவரும் தள்ளவில்லை.

மாமி வாசலில் நின்றார். வெள்ளைச் சேலை கொடியில் இல்லை, முன்னேற்பாடாக எடுத்துவிட்டார். “நிப்பாட்டிப்போட்டுத் திரும்ப எடு, பாப்பம்” என்றார். எடுத்தேன். “இன்னொருக்கா.” எடுத்தேன். மூன்றாம் தரமும் எடுபட, “சரி. திருத்தத் தெரிஞ்ச ஆள் எங்க?” என்று வண்டிக்குப் பின்னால் பார்த்தார்.

“நான்தான் மாமி.”

மாமி என் கையைப் பிடித்து விரித்துப் பார்த்தார். நகத்துக்குள் எண்ணெய், விரலில் காயம். பிறகு, “அப்ப நானும் வாறன்” என்றார். “நீ உள்ள போய்த் தேத்தண்ணி குடி பிள்ளை. சாமான் ஏத்தட்டும்.”

நானும் போனேன். எனக்குப் புத்தி எப்போது வரும், சொல்லுங்கள்?

வசந்தி நடுவில், மாமி கதவோரத்தில், இவர் பின்னால் மூட்டை முடிச்சுகளோடு. புறப்பட்டுக் கொஞ்சத் தூரத்திலேயே வண்டிக்கு இழுவை போதவில்லை. ஆள் கூட, பாரம் கூட என்று நினைத்தேன். முதுகுக்குப் பின்னால் மெல்லிய புகை வந்தது. கங்கைத் துறையில் பாதை ஏறி, எஞ்சினை நிப்பாட்டி, அக்கரையில் தட்டியபோது எடுத்தேன். எடுபட்டது. ஏற்றத்தில் இரண்டு முழம் போனது. இருமியது. நின்றுவிட்டது.

பின்னால் லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான். பாதைக்காரர்கள் தோளைத் தட்டிக்கொண்டு தள்ள வந்தார்கள். வசந்தி வயிற்றைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள்.

“நான் சொன்னனான்தானே?” என்றார் மாமி. “திருப்பு வண்டியை. வீட்ட போவம்.”

திருப்பினால் முடிந்தது. வசந்தியின் கண்ணில் அந்தக் குசினிக் கண்ணீர் திரும்ப வந்துவிட்டது. “ஒரு நிமிசம் மாமி” என்று இறங்கினேன். இறங்கும்போதே ஒன்று பொறி தட்டியது. நிற்பதற்கு முன் அது இருமிய இருமல் — தொண்டையில் துணி அடைத்த அதே குரல்!

பொனற்றைத் திறந்தேன்.

உண்மையாகவே துணி. புத்தம் புது மஞ்சள் துணி. மூலையில் ஒரு சதக் காசு முடிந்து, பால்மா ரின்னின் ஓட்டைகளையெல்லாம் மூடி, இரண்டு சுற்றுச் சுற்றி, இறுக்கிக் கட்டியிருந்தது. நேர்த்தித் துணி!

இவர் பின்னாலிருந்து குதித்து ஓடி வந்தார். “உமக்கு ஒண்டு சொல்ல மறந்திட்டன்” என்றார் மெதுவாக. “நீர் தேத்தண்ணி குடிக்கேக்குள்ள மாமி பொனற்றைத் திறக்கச் சொன்னவ. சல்லிக் கோயில் அம்மாளாச்சிக்கு நேர்ந்து, எஞ்சின்ர கழுத்தில கட்ட வேணுமெண்டு... மாட்டன் எண்டு எப்பிடிச் சொல்லுறது?”

எனக்கு வந்த கோபத்துக்கு இவரை ஆற்றில் தள்ளியிருப்பேன். அந்தத் துணியைத் தூக்கிப் பிடித்து, ‘பாருங்கோ, வண்டியை நிப்பாட்டினது நீங்கள்தான்!’ என்று பாதை முழுக்கக் கேட்கக் கத்தவும் வாய் வந்தது. நிமிர்ந்து, பொனற்றின் ஓரமாக எட்டி, முன்கண்ணாடியால் மாமியைப் பார்த்தேன். மாமி கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு கை வசந்தியின் வயிற்றில் இருந்தது. என்னை இவ்வளவு பாடு படுத்திய மனுசி, என்னைப் போலவே பயந்து போய் இருக்கிறார்! கோபம் அப்படியே அடங்கிவிட்டது.

துணியை அவிழ்த்தேன். கொண்டுபோய் ஸ்ரியறிங்கில் கட்டினேன்.

“மாமி, அம்மாளாச்சி எஞ்சினுக்குள்ள இருந்தா வழி தெரியாதெல்லே? முன்னுக்கு இருக்கட்டும்.”

மாமி துணியைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன். “ஓம், முன்னுக்குத்தான் இருக்க வேணும்” என்றார், சத்தம் குறைத்து.

அக்சிலேற்றரை முழுதாக அமத்திப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். ஒரு கணம் இழுத்தது... எடுபட்டது! பாதைக்காரர்கள் தள்ள வந்த கையைத் தட்டினார்கள். வசந்தி சிரித்தாள். மாமியும் சிரித்தார்.

கிண்ணியாவில் சலீம் நானாவின் கராஜுக்கு முன்னால் நிறுத்தினேன். காட்டாமல் போக மனம் கேட்குமா? நானா வெளியே வந்தார், தலையைச் சரித்துக் கேட்டார்.

“ஆரு ரியூன் பண்ணின?”

“நான்.”

“ரின்னைப் பூட்டினத்துக்குப் பிறகு எத்தின பக்கம் குடுத்தீங்க?”

“ரெண்டு.”

நானா துடைத்துக்கொண்டிருந்த துணியைத் தோளில் போட்டார். நெடுநேரம் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

“ஜெமீலா! தங்கச்சிக்குத் தேத்தண்ணி... இஞ்ச கொண்டு வா. கராஜுக்கு.”

வசந்தி இப்போது பக்கத்து அறையில் அம்மாவின் மடியில் தலை வைத்துப் படுத்திருக்கிறாள். மாமியும் போகவில்லை, பேரனைப் பார்த்துவிட்டுத்தான் போவாராம். பிக்கப் முற்றத்தில், ஆஸ்பத்திரிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறது. காலையும் மாலையும் ஒருதரம் எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

ஜெமீலா ராத்தா அன்றைக்கு அவசரத்தில் இஞ்சி போட மறந்துவிட்டார். ஆனால் பொனற்றில் சாய்ந்து நின்றுகொண்டு குடித்தேன் பாருங்கள்... அதுதான் தேத்தண்ணி!